குடிக்காமல் வந்தால் கூலி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது வெர்மான்ட் மாநிலம். அங்கே பர்லிங்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில், கொகெய்ன் பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களுக்காக ஒரு விலைப்பட்டியல் போட்டார். வாரத்துக்கு மூன்று நாள் சிறுநீர்ச் சோதனை. கொகெய்ன் இல்லை என்று முடிவு வந்தால் இரண்டரை டாலர் மதிப்புள்ள வவுச்சர். அடுத்த சோதனையும் சுத்தம் என்றால் அதைவிட ஒன்றேகால் டாலர் கூடுதல். அதற்கடுத்த முறை இன்னொரு ஒன்றேகால். இப்படி ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக இருந்தால் தனியாகப் பத்து டாலர். ஒரே ஒரு முறை கொகெய்ன் தென்பட்டாலும், சோதனைக்கு வராமல் டிமிக்கி கொடுத்தாலும், தொகை மறுபடி இரண்டரை டாலருக்கு இறங்கிவிடும். அதுவரை சம்பாதித்தது கையைவிட்டுப் போகாது; ஏறி நின்ற படிதான் போகும். அதன்பின் ஐந்து முறை தொடர்ந்து சுத்தமாக இருந்து காட்டினால் பழைய படிக்கே திரும்பிவிடலாம்.

12 வாரமும் ஒருமுறைகூடத் தவறாதவருக்கு 36ஆவது சோதனை மட்டுமே 46.25 டாலர் தரும். மொத்தக் கணக்கு 997.50 டாலர். இதைப் பணமாகக் கையில் கொடுக்க மாட்டார்கள். மீன்பிடி உரிமம், பனிச்சறுக்கு மலைக்கு அனுமதிச் சீட்டு, சைக்கிள் சாமான் என்று எது வேண்டுமோ அவர் சொல்ல வேண்டும். மையத்து ஊழியர் கடைக்குப் போய் வாங்கி வந்து தருவார். இது சிகிச்சைக்கு ஒத்துவராது என்று ஆலோசகர் நினைத்தால் மறுக்கவும் செய்யலாம்.

1994இல் வெளியான ஆய்வில் 40 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே வவுச்சர். 24 வாரச் சிகிச்சையைக் கடைசிவரை முடித்தவர்கள் வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம், பெறாதவர்களில் 40 சதவீதம். இடைவெளியில்லாமல் கொகெய்னைத் தொடாமல் இருந்த காலம் முதல் குழுவில் சராசரியாக 11.7 வாரம், மற்றதில் 6 வாரம். போதைச் சிகிச்சை உலகத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். கொகெய்ன் பழக்கத்துக்கு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் கொடுத்த மாத்திரை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

துறைக்குள் இதற்குக் கன்டின்ஜென்சி மேனேஜ்மென்ட் என்று பெயர். நிபந்தனைப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். கொகெய்ன், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற தூண்டுபொருள்களுக்கான உளவியல் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பு 2018இல் வந்தது. 50 சோதனைகள், 6,942 பேர், 12 வகைச் சிகிச்சைகள். முதலிடத்தில் நின்றது நிபந்தனைப் பரிசும் சமூகச் சூழலைச் சீரமைக்கும் பயிற்சியும் சேர்ந்த முறை. ஹிக்கின்ஸ் முதலில் செய்துபார்த்ததும் கிட்டத்தட்ட இதே சேர்க்கையைத்தான். இவ்வளவு ஆதாரம் குவிந்தபின்னும் இந்தச் சிகிச்சையைக் கொடுக்கும் மையங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மறுவாழ்வு மையத்துக்குள் நுழைகிறவருக்கு அறிவுரை கிடைக்கும், குழுக் கூட்டம் கிடைக்கும், பிரார்த்தனை கிடைக்கும், சில இடங்களில் பூட்டிய அறையும் கிடைக்கும். இது மட்டும் எளிதில் கிடைக்காது. பலன் தருவது தெரிந்தும் கொடுக்கக் கை ஏன் கூசுகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில், இது ஏன் பலிக்கிறது என்று பார்த்துவிடலாம். டோபமைனைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. விஷயம் அதைவிட எளியது. கொகெய்னைப் புகைத்தால் சில விநாடிகளில் பலன். புகைக்காமல் இருந்தால் என்ன பலன்? உடம்பு தேறும், வேலை நிலைக்கும், பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசுவார்கள். எல்லாம் வரும், ஆனால் மாதங்கள் கழித்து வரும், அதுவும் வந்தால்தான் உண்டு. இன்று மாலைக்கு அதில் ஒன்றுமில்லை. ஹிக்கின்ஸ் அந்தத் தொலைதூரப் பலனின் ஒரு சிறு துண்டைப் பிய்த்து, சோதனை முடிந்த கையோடு கொடுத்துவிடுகிறார்.

போதைக்கு அடிமையானவர் வேறெதையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கை நமக்குள் ஆழமாக இருக்கிறது. ஆய்வகங்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரான்சின் போர்தோ நகரில் செர்ஜ் அகமதுவின் குழு, எலிகளுக்கு ஒரு பக்கம் கொகெய்னையும் மறுபக்கம் சாக்கரின் கலந்த இனிப்பு நீரையும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 2007இல் வெளியான அந்த ஆய்வில் 94 சதவீத எலிகள் இனிப்பு நீரை நாடின. மனிதர்களிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹார்ட் இதையே வேறு விதமாகக் கேட்டார். பல காலமாகக் கொகெய்ன் புகைத்து வந்தவர்களிடம், இந்த அளவு கொகெய்ன் வேண்டுமா அல்லது 5 டாலர் வேண்டுமா என்றார். அளவு அதிகமாக இருந்தபோது கொகெய்னைக் கேட்டவர்கள், அளவு குறைந்தபோது பல முறை 5 டாலரை எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் பார்க்கும் புத்தி அவர்களிடம் அப்படியே இருந்தது. வெளியுலகத்தில் அவர்கள் முன்னால் இரண்டாவது தட்டை யாரும் வைக்கவில்லை.

*

இந்த நிபந்தனைப் பரிசின் வேர் 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளை அடைத்துவைத்த புதிர்ப் பெட்டியில் தொடங்கி பி.எஃப். ஸ்கின்னரிடம் வந்து சேர்கிறது. பாடப்புத்தகங்களில் நூறு முறை சொல்லப்பட்ட கதை என்பதால் ஒரே ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். ஸ்கின்னர் எலிகளை ஒரு பெட்டிக்குள் விட்டு, நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும்படி வைத்திருந்தார். அந்த உருண்டைகளைக் கடையில் வாங்க முடியாது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை உருட்டும் கருவி ஒன்றில் அவரே கையால் உருட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் இருப்பை எண்ணிப் பார்த்தார். அன்று மாலை முழுதும் உட்கார்ந்து உருட்டாவிட்டால் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கணக்கு வந்தது. உருட்டச் சோம்பல். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஏன் கொடுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று யோசித்தார். எலிகள் விட்டுவிடவில்லை, ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. இதை அவரே 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சோம்பலிலிருந்து ஒரு துறையே முளைத்தது. எத்தனை முறைக்கு ஒருதரம், எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் பரிசு கொடுத்தால் நடத்தை எப்படி மாறுகிறது என்று சார்லஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் சேர்ந்து 1957இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் உயிரை மிக நீண்ட நேரம் பிடித்து வைக்கிறது என்பது அதில் தெளிவானது. சூதாட்ட விடுதியின் காசு இயந்திரம் ஓடுவதும் இதில்தான். கைப்பேசியைக் கீழே வைத்த மறுநிமிடம் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வதும் இதுதான்.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருந்த நான்சி பெட்ரி இதைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். ஆயிரம் டாலர் வவுச்சருக்கு எந்த மருத்துவமனையிடம் பணம் இருக்கிறது என்ற கேள்விதான் அவருடைய தொடக்கம். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் 500 சீட்டுகள். பாதிச் சீட்டுகளில் ‘சபாஷ்’ என்ற பாராட்டு மட்டும். மீதியில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு டாலர் பெறும் சின்னப் பொருள், சிலவற்றுக்கு இருபது டாலர் பொருள், ஒரே ஒரு சீட்டுக்கு நூறு டாலர் பொருள். சோதனையில் தேறினால் ஒரு சீட்டு எடுக்கலாம். தொடர்ந்து தேறத் தேற எடுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை கூடும். 2000இல் வெளியான முதல் ஆய்வில் 42 முன்னாள் படைவீரர்கள், எல்லோரும் குடிநோயாளிகள். எட்டு வார முடிவில், சீட்டு எடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம்.

பெட்ரி சூதாட்ட அடிமைத்தனத்தைப் பற்றியும் ஆழமாக ஆராய்ந்தவர். சூதாட்டக்காரரைப் பிடித்துவைக்கும் அதே கண்ணியைத் தெரிந்தேதான் குடுவைக்குள் போட்டார். இது நோயாளிகளைச் சூதாட்டத்துக்கு இழுத்துவிடாதா என்று கேட்டார்கள். அவரே ஆராய்ந்தார், சூதாட்டம் கூடவில்லை என்று 2006இல் எழுதினார். குடுவையில் யாரும் தன் காசைப் போடுவதில்லை, இழக்கவும் எதுவுமில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

*

இனி எதிர்வாதம். அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் பிங் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். வண்ண மார்க்கர் பேனாவால் படம் போடுவதில் தானாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சிலரிடம், படம் போட்டால் தங்க நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்து, வகுப்பில் மார்க்கர்களைச் சும்மா பரப்பிவைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். பரிசு வரும் என்று எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தங்கள் நேரத்தில் 8.6 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். பரிசே பெறாதவர்கள் 16.7 சதவீதம், எதிர்பாராமல் பெற்றவர்கள் 18.1 சதவீதம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எட்வர்ட் டெசி, கல்லூரி மாணவர்களுக்குச் சோமா என்ற கனச்சதுரப் புதிரைக் கொடுத்து, தீர்த்தால் ஒரு டாலர் என்று சொல்லி, இதே போன்ற முடிவுக்கு வந்திருந்தார். விளையாட்டுக்குக் கூலி கொடுத்தால் விளையாட்டு வேலையாகிவிடுகிறது.

இதை வைத்து இருபத்தைந்து ஆண்டுகள் சண்டை நடந்தது. பரிசால் ஆர்வம் குறைவதாகப் பொதுவாகச் சொல்ல முடியாது என்று ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் 1994இல் ஆய்வுகளைத் தொகுத்து வாதிட்டார்கள். டெசியும் கூட்டாளிகளும் 1999இல் 128 ஆய்வுகளைத் திரட்டி, குறைகிறது என்று திருப்பி அடித்தார்கள். இரு தரப்பையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது: டெசி பக்கம் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த உண்மைக்கு எல்லை இருக்கிறது. ஏற்கெனவே ஆசையோடு செய்கிற காரியத்துக்கு, முன்கூட்டி அறிவித்துப் பொருளாகக் கொடுக்கும் பரிசு கெடுதல் செய்கிறது. கொகெய்ன் எடுக்காமல் ஒரு சாயங்காலத்தைத் தள்ளுவதில் யாருக்கும் இயல்பான ஆசை கிடையாது. இல்லாத ஆர்வம் குறைந்துவிடும் என்று கவலைப்படுவதில் பொருளில்லை. மழலையர் பள்ளியில் கிடைத்த முடிவைத் தூக்கிக்கொண்டு மறுவாழ்வு மையத்து வாசலில் போய் நிற்கிறவர்கள் இந்த எல்லையைக் கவனிப்பதில்லை.

நம் வீடுகளில் கொடுக்கும் பரிசுகளோ வேறு வகையில் பிசகுகின்றன. முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள், பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் வாங்கினால் செல்போன். பரிசுக்கும் இன்று இரவு படிப்பதற்கும் நடுவில் ஒரு வருஷம் கிடக்கிறது. ரேங்க் என்பது பிள்ளை செய்யும் காரியமும் இல்லை. பல காரியங்கள் சேர்ந்து, அடுத்த பிள்ளைகளின் மதிப்பெண்ணும் சேர்ந்து, கடைசியில் வந்து விழுவது. ஹார்வர்டின் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்க நகரப் பள்ளிகளில் பெரிய அளவில் பணம் கொடுத்துப் பார்த்து 2011இல் எழுதியதும் இதற்கு ஒத்துப்போகிறது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம், சிகாகோவில் பாடவாரி கிரேடுக்குப் பணம்; கற்றலில் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. டல்லஸில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு, ஒரு புத்தகம் படித்துக் கணினியில் சின்ன வினாடிவினாவுக்குப் பதில் சொன்னால் 2 டாலர். அங்கே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. அதிக மதிப்பெண் எடுக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது பணத்துக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து படிப்பது எப்படி என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

பரிசு என்று நினைத்துக் கொடுப்பதெல்லாம் பரிசாக வேலை செய்வதில்லை. தண்டனை என்று நினைத்துச் செய்வது பரிசாகிவிடுவதும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வேபர்ன் மனநல மருத்துவமனை. அங்கே ஒரு பெண் நோயாளி நாளுக்குச் சராசரியாக 16 முறை செவிலியர் அறைக்குள் நுழைந்துவிடுவார். செவிலியர்கள் திட்டுவார்கள், கையைப் பிடித்து வெளியே கொண்டுவிடுவார்கள், தள்ளியும் விடுவார்கள். பல காலம் இதே கதை. டியோடோரோ அய்லான் என்ற உளவியலாளர், அவர் வந்தால் யாரும் ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏழாவது வாரத்தில் நாளுக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. அந்த வார்டில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே மனிதத் தொடுகை அந்தத் தள்ளுதான் போலும். அய்லானும் ஜாக் மைக்கேலும் 1959இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது முறையின் வெற்றியைவிட இதுவே என்னை உறுத்துகிறது. அவர் வருவதை நிறுத்தினார். அவருக்கு வேண்டியிருந்தது கிடைத்ததா?

அய்லானும், ஸ்கின்னரின் மாணவரான நேதன் ஆஸ்ரினும் பிறகு இல்லினாய் மாநிலத்தின் அன்னா மருத்துவமனையில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார்கள். படுக்கையை ஒழுங்குபண்ணினால், பாத்திரம் கழுவினால் டோக்கன். அதைக் கொடுத்துத் தனியறை வாங்கலாம், வார்டைவிட்டு வெளியே உலாவப் போகலாம், பாதிரியாரோடு தனியாகப் பேசலாம். பல்லாண்டுகளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள் என்பது உண்மை. தனியறையும் உலாவலும் பேச்சும் முதலில் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தன என்பதும் உண்மை. எடுத்து வைத்துக்கொண்டால்தானே பரிசாகத் தர முடியும்?

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. போர்க்காலத்தில் பியன் ஹோவா மனநல மருத்துவமனையில் லாயிட் காட்டர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், வேலை செய்ய முன்வராத நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார். பிறகு ஒரு வார்டில் வேலை செய்தால்தான் சாப்பாடு என்று அறிவித்தார். மூன்று நாள் பட்டினிக்குப் பின் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. வெற்றிக் கதையாக 1967இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் எழுதினார், இதழும் வெளியிட்டது. 1972இல் அலபாமாவில் வயட் வழக்கில் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் கொடுத்த தீர்ப்பு இந்தப் பாதையை அடைத்தது. படுக்கை, உணவு, பார்வையாளர் சந்திப்பு போன்றவை நோயாளியின் உரிமை என்றும், மருத்துவமனையின் வேலையைச் செய்தால் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்றும் அது சொன்னது. டோக்கன் முறை மெல்லத் தேய்ந்தது.

ஹிக்கின்ஸின் முறையை நான் இதிலிருந்து பிரித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. வெர்மான்டில் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. வவுச்சர் வெளியிலிருந்து கூடுதலாக வந்தது. கதவு திறந்திருந்தது, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். பரிசைப் பற்றிய அறக்கேள்வி என்னைப் பொறுத்தவரை இங்கேதான் நிற்கிறது: அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது? லஞ்சம் கொடுக்கிறீர்களே என்ற குற்றச்சாட்டோ வேறெங்கோ குறிபார்க்கிறது. சும்மா செய்ய வேண்டியதைச் செய்ததற்கு எதற்குக் காசு, நான் குடிக்காமல் இருக்கிறேன், எனக்கு யார் கொடுத்தார்கள் என்பதுதான் அதன் சாரம். சிகிச்சை பலிக்கிறதா என்ற கேள்வியே அதில் இல்லை. குடிநோயாளி கஷ்டப்பட்டுத்தான் திருந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. நம் ஊரில் டைசல்ஃபிரம் மாத்திரையை யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடல் வெளியே வந்துவிடுவதுபோல வாந்தி வரும். அது தண்டனை, ஆகவே அறத்துக்கு உகந்ததாகத் தெரிகிறது. அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. உயிருக்கே ஆபத்தான காரியம்.

அமெரிக்காவில் இந்தத் தயக்கம் சட்டத்தின் உருவில் வந்தது. அரசுக் காப்பீட்டில் வரும் நோயாளிக்கு மருத்துவமனை பொருள் கொடுத்தால், அது நோயாளி பிடிப்பதற்குக் கொடுக்கும் கையூட்டாகக் கருதப்படலாம். ஆண்டுக்கு 75 டாலர் வரை பரவாயில்லை என்று ஒரு வரம்பு புழக்கத்தில் இருந்தது. ஹிக்கின்ஸ் 1990களின் விலைவாசியில் மூன்று மாதத்துக்கு 997.50 டாலர் வைத்த இடத்தில், முப்பது ஆண்டு கழித்து வருஷத்துக்கு 75. பலனில்லாத அளவுக்கு மருந்தைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லும் ஏற்பாடு. முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை மட்டும் 2011இலேயே பெட்ரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் மையங்களில் இதைப் பரப்பியது. கலிஃபோர்னியா 2023இல் தன் ஏழைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆண்டுக்கு உச்சவரம்பு 599 டாலர். 600ஐத் தொட்டால் அப்போதைய விதிப்படி வருமான வரிப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது.

பரிசு நின்றதும் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எப்போதும் நியாயமானது. பலர் திரும்பிப் போகிறார்கள். ஆனால் 23 சோதனைகளைத் தொகுத்து 2021இல் வந்த ஆய்வு, பரிசு நின்று ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பின்னும், மற்றச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் போதையிலிருந்து விலகியே இருக்கும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுதல் என்று கண்டது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிறது. அதற்காக மாத்திரையை யாரும் போலி என்பதில்லை.

*

இந்தியாவில் இந்த வழியில் நடந்த இரண்டு ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று ராஜஸ்தானின் உதய்ப்பூர் வட்டாரத்தில், சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் கூட்டாளிகளும் 134 கிராமங்களில் செய்தது. எதுவும் புதிதாகச் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடங்களில் 39. பருப்புக்குச் செலவு செய்தும் ஒரு குழந்தைக்கான செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் செவிலியர் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. பெற்றோர் ஊசிக்கு எதிரிகள் அல்லர். முதல் ஊசிக்கு வந்தவர்கள் அடுத்ததற்கு ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டார்கள். பருப்பு அந்த ‘அடுத்த மாச’த்தை ‘இன்னைக்கு’ ஆக்கியது.

மற்றது சென்னையில் நடந்தது. எம்.ஐ.டி. பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக், 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களை வைத்து மூன்று வாரம் நடத்திய ஆய்வு, 2019இல் வெளியானது. நாளுக்குச் சுமார் 300 ரூபாய் சம்பாதிக்கிறவர்கள். உடம்பு வலிக்குக் குடி, அதனால் பகலிலேயே குடி. தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊத வேண்டும். போக்குவரத்துப் போலீஸ் ஊதச் சொல்வதைப் பார்த்துப் பழகியவர்கள்; இங்கே ஊதினால் அபராதத்துக்குப் பதில் ஊதியம். ஒரு குழுவுக்குக் குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் 90 ரூபாய். இன்னொரு குழுவுக்குக் குடித்து வந்தால் 60, குடிக்காமல் வந்தால் 120. மூன்றாவது குழு தன் திட்டத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அந்த மூன்றாவது குழுவிடம் கேட்ட கேள்விகள்தான் அழகானவை. குடிக்காமல் வந்தால் 120, குடித்தால் 60 என்ற திட்டம் வேண்டுமா, நிபந்தனையே இல்லாமல் 90 வேண்டுமா? சரி, நிபந்தனை இல்லாமல் 120? நிபந்தனை இல்லாமல் 150? கடைசிக் கேள்விக்குக் கணக்குத் தெரிந்த எவரும் 150 என்றுதான் சொல்ல வேண்டும். சுத்தமாக வந்தாலும் நிபந்தனைத் திட்டத்தில் 30 ரூபாய் நட்டம். ஆனாலும் கணிசமானவர்கள் நிபந்தனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாளைக்கு மத்தியானம் கடைப் பக்கம் போகும் தன் காலைக் கட்டிவைக்க, இன்றைக்கே தன் கூலியிலிருந்து ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். லஞ்சம் என்று இதை எப்படி அழைப்பது? லஞ்சம் வாங்குகிறவர் கைக்காசு போட்டு வாங்குவதில்லை.

விளைவு கலவையானது. ஊக்கத்தொகை பெற்றவர்களிடம் பகல் குடி தெளிவாகக் குறைந்தது. அலுவலகத்திலேயே சேமிக்க வசதி செய்திருந்தார்கள். அதில் அவர்களுடைய சேமிப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. குடிக்குச் செலவழிக்காததால் மிஞ்சிய காசு மட்டும் அதற்குக் காரணமில்லை. தெளிந்த தலையோடு சேமிப்பைப் பற்றி முடிவெடுத்ததும் ஒரு காரணம் என்று ஷில்பாக் கருதுகிறார். மொத்தக் குடி மட்டும் பெரிதாகக் குறையவில்லை. ஊதிக் காட்டிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு குடித்தார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதற்குக் கூலி பேசினார்களோ அதைச் செய்தார்கள். கொகெய்னின் தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள் தங்கும். திங்கள், புதன், வெள்ளி என்று ஹிக்கின்ஸ் நாள் குறித்தபோது இடையில் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போனது. சாராயமோ மூச்சிலிருந்து சில மணி நேரத்தில் கரைந்துவிடும். எத்தில் குளுகுரோனைட் என்ற பொருளைச் சிறுநீரில் தேடும் சோதனை வந்தபின் இந்த ஓட்டை அடைபட்டது. குடித்துச் சில நாள் கழித்தும் அது காட்டிக்கொடுக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் மைக்கேல் மெக்டொனல் அதை வைத்து, தீவிர மனநோயும் குடிப்பழக்கமும் சேர்ந்தவர்களிடம் நிபந்தனைப் பரிசு பலிப்பதை 2017இல் காட்டினார். பிறகு அமெரிக்கப் பூர்வகுடிச் சமூகங்களோடு கலந்து பேசி, அவர்கள் விரும்பியபடி திட்டத்தை அமைத்து, அங்கேயும் காட்டினார்.

சென்னையில் இப்படி ஒன்றைத் தொடங்கினால் ராத்திரிக் குடியும் கணக்கில் வந்துவிடும். அதற்கு முன் ரிக்‌ஷா ஓட்டுகிறவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தக் குடியை விட விரும்புகிறார்? பகலில் தொடாமல் வண்டி மிதித்து, வீட்டுக்கும் கொடுத்து, கொஞ்சம் மிச்சமும் பிடித்து, ராத்திரி ஒரு கட்டிங் போட்டுக்கொண்டு படுத்தால் போதும் என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் சிறுநீர்ச் சோதனைக்கு வேலையில்லை, ஊதும் கருவியே போதும்.